செம்பூரில் தீர்ப்பு கிடைக்காது

1

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வள்ளியூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர் அது. தாராவியில் ஒருவன் தும்மினால் அங்கே வாட்ஸ்அப் குழுவில் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். போன வாரம், என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவன் போன் செய்தான். உடம்பை விசாரித்தான், மழையை விசாரித்தான், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

“ஏ முருகேசா, மண்டைக்குப் பாக்குற டாக்டர்ட்ட போறியாமே? கரண்டு வைக்காவளா?”

வைக்கவில்லை. வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அங்கே நடந்தது அதைவிட மெதுவான காரியம். அதைக் குழுவில் எழுதலாம் என்றுதான் பார்த்தேன். பாதி எழுதுவதற்குள் யாராவது காலை வணக்கம் என்று ரோஜாப்பூவை அனுப்பிவிடுவார்கள். அதனால் பத்திரிகைக்கே எழுதுகிறேன். ஊரில் டீக்கடையில் சத்தமாக வாசித்துக்கொள்ளட்டும்.

என் மகள் ஜோதிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேசுவாள், அதிலும் பாதி இந்தி. இதை அவள் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கல் குவாரியில் காலை ஒடித்துக்கொண்டு படுத்தபோது நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அவர் இடத்துக்கு நான் போனேன். அடுத்த வருடம் குவாரியை மூடினார்கள். பம்பாய்க்கு ரயில் ஏறினேன். இதில் சோகப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பே ஒரு பட்டம்தான்.

அதன் பிறகு நான் பார்க்காத வேலை இல்லை. மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டு ஹோட்டல், தாராவியில் பெல்ட்டுக்குப் பக்கிள் போடும் பட்டறை, தாதரில் பூ மார்க்கெட், செம்பூரில் வாட்ச்மேன், புனேயில் குடோன், நாசிக்கில் வெங்காயம். நடுவில் ஏன் போனேன் என்று இன்றுவரை விளங்காத ஜாம்நகர். ஒவ்வொரு வேலையையும் நான் விட்டுவிட்டு வந்த விதத்தைக் கேட்க வேண்டும். முதலாளி ஒரு வார்த்தை அதிகம் பேசுவான். நான் இடுப்புத் துண்டை அவிழ்த்து மேசையில் வீசுவேன். “உன் சோறு உனக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே வருவேன். இந்தக் கதைகளுக்கு தாராவியில் நல்ல வரவேற்பு உண்டு.

வரவேற்காத ஒரே ஆள் என் மனைவி செல்லக்கனி. அவள் தாராவியிலேயே பிறந்தவள். ஊரில் இருந்து வந்த மாப்பிள்ளை என்று என்னைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். கட்டிய நாளிலிருந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அவள் காலம் போனது. நான் இடம் மாறும்போதெல்லாம் அவளும் வந்தாள். எங்கே போனாலும் தையல் வேலை பிடித்துக்கொள்வாள். கடைசியாக தாராவிக்கே திரும்பி, ஒரு பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தாள். பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை, எதைக் கொடுத்தாலும் தைப்பாள்.

போன வருடம் மழைக்கு முன்னால் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பக்கத்துச் சின்னப் பட்டறையை நடத்தியவர் சொந்த ஊருக்குப் போகிறார். மிஷின்களோடு வாடகைக்குத் தருகிறேன் என்றார். செல்லக்கனி அன்று என்னிடம் சொன்னதை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன்.

“உள் வேலையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். வெளி வேலைய நீங்க பாருங்க. ஆர்டர் புடிக்கணும், சரக்கு எடுக்கணும், வாரவன் போறவன்ட்ட பேசணும். ரெண்டு பேருமா நின்னா இதுல நிமிந்துரலாம்.”

நான் யோசிக்கக்கூட இல்லை. “சூரத்துல ஒரு மில்லுல ஆள் எடுக்கானாம். அங்க போவோம்” என்றேன். சூரத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அந்த மில் இருக்கிறதா என்றும் தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

அவள் கோபப்படவில்லை. அடுப்பை அணைத்தாள். சேலைகளை மடித்தாள்.

“நீங்க சூரத்துக்குப் போங்க. நான் விக்ரோலிக்குப் போறேன்.”

விக்ரோலியில் அவள் அக்கா வீடு. அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். பட்டறைக்காரரிடம், தீபாவளி வரை பொறுங்கள் என்று தவணை கேட்டு வைத்திருந்தாள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பட்டறை வேறு ஆளுக்கு. அவள் அக்கா வீட்டிலேயே.

3

ஜோதி அந்தேரியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவள்தான் செம்பூர் வழியைக் காட்டினாள். போனில் குரல் செய்தி வந்தது.

“பப்பா, ஏக் பார் ஜாகே தேகோ நா, ஒரு தடவ போய்த்தான் பாரேன். அம்மா கண்டிஷன் போட்டுருக்கா. கவுன்சிலிங் போனாத்தான் பேசுவாளாம். ‘அவரு யாருன்னு மொதல்ல அவருக்குத் தெரியட்டும்’னு சொல்லுதா. நான் பைசா கட்டிட்டேன். சண்டே நஹி, சாட்டர்டே போ.”

கவுன்சிலிங் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இங்கே தாராவியில் நம் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் உண்டு. மாடியில் ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஞாயிற்றுக்கிழமை காலை. புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் இரண்டு பக்கமும் ஆள் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர்கள் பேசுவார்கள், அவர்கள் பேசுவார்கள், பெரியவர்கள் தீர்ப்பு சொல்வார்கள். தப்பு யார் மேல் என்று தெரிந்தவுடன் எல்லோருமாக டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு அதே காரியத்தைச் செம்பூரில் சனிக்கிழமை நடத்துகிறார்கள் போலும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆகவே முறைப்படி போனேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். என் பக்கம் பேச என் சகலை சுடலைமுத்துவைக் கூட்டிக்கொண்டேன். செல்லக்கனியின் அக்கா புருஷன். அவர் வீட்டில்தான் என் மனைவி இருக்கிறாள். ஆனாலும் நியாயம் என்று வந்தால் எனக்குத்தான் பேசுவார். மனைவி பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஒரு மேடை தேவைப்பட்டது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் வைத்தியரின் மாடியில் அந்த அறை. கூப்பிடும் வரை வெளியே உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பெயர் வித்யா. ஜோதியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “இவர்?” என்றார்.

“சாட்சி” என்றார் சகலை, நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

“எதுக்குச் சாட்சி?”

“எல்லாத்துக்கும். இவன் வேலைய விட்ட கதை அம்புட்டும் எனக்குத் தெரியும்மா. அந்தப் பிள்ள, அதான் என் கொழுந்தியா, அது என்ன சொல்லிருக்கோ தெரியாது. அத மொதல்ல சொல்லிருங்க. அப்புறம் நாங்க பதில் சொல்லுதோம்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறவர்களின் கன்னம் கொஞ்சம் உள்ளே போகும். அது போனது.

“அவா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. நான் அவாளைப் பார்த்ததே இல்லை. நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கோ. இவரோட மட்டும் பேசறேன்.”

“எதிர்க்கட்சியே வரலியா?” என்று ஏமாற்றத்தோடு எழுந்தார் சகலை. “அப்ப ஒருதலைப்பட்சமால்லா போகும்?”

அவர் போனதும் டாக்டரம்மா ஓர் ஆங்கிலத் தாளை நீட்டினார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். அவரே கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டார்.

4

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் உள்ளே இழுக்கும். ஓடிப்போகிறவர்களுக்கென்றே செய்திருப்பார்கள் என்று தோன்றியது. பக்கத்தில் ஒரு டப்பாவில் மெல்லிய காகிதங்கள். அழுகிறவர்களுக்கு. நான் அதில் ஒன்றை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தேன். கீழே பல் வைத்தியர் யாருக்கோ குடைந்துகொண்டிருந்தார். மேலே சத்தமில்லாமல் இன்னொரு குடைச்சல் ஆரம்பித்தது.

நான் என் கதைகளைச் சொன்னேன். மாட்டுங்கா ஹோட்டல், துண்டை வீசியது, எல்லாம். நன்றாகத்தான் சொன்னேன். முதலாளி குரலில் ஒரு மாதிரி, என் குரலில் ஒரு மாதிரி. முடிந்ததும் எப்போதும் யாராவது “சபாஷ்” என்பார்கள். இவர் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். மின்விசிறி மட்டும் பேசியது. யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி ஒரு போட்டி. நான் தோற்றேன்.

“தீர்ப்பு எப்ப மேடம் சொல்லுவிய?”

“தீர்ப்பா? அது என் வேலை இல்லையே.”

“பின்ன?”

“உங்க கதையில ஓனர் வசனம் நிறைய இருக்கு. உங்க வசனம் கடைசியில ஒண்ணே ஒண்ணுதான். ஓனரை எடுத்துட்டு அதே கதையை இன்னொரு தடவை சொல்லுங்கோ.”

முயன்றேன். ஓனரை எடுத்துவிட்டால் கதையில் ஒரு துண்டும் ஒரு மேசையும்தான் மிஞ்சுகின்றன.

இதுதான் அவர் முறை. ஏன் செய்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருந்தது, அதுவும் பலவிதமாக. அவர் கேட்டதெல்லாம் “அதுக்கு முன்னாடி?” என்ற ஒன்றுதான். துண்டை வீசுவதற்கு முன்னாடி? ஓனர் திட்டுவதற்கு முன்னாடி? அன்று காலையில்? முந்தின நாள்? ரயிலைப் பின்பக்கமாக ஓட்டுகிற மாதிரி. இடையில் நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்க மாட்டார். கண்டுகொள்ளவும் மாட்டார். ஆனால் அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து நிற்பார்.

“அப்போ உடம்புல எங்க என்ன தெரிஞ்சது?” என்று ஒருமுறை கேட்டார்.

“வயித்துல.”

“என்ன மாதிரி?”

“பசி மேடம். சாப்பாட்டு வேளை.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார். படித்தவர்களிடம் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்கிறார்கள்.

5

ஒவ்வொரு சனிக்கிழமையும் சகலை துணைக்கு வந்தார். உள்ளே விடவில்லை என்றாலும் வெளியே உட்கார்ந்து தீர்ப்புக்காகக் காத்திருப்பார். நான் வெளியே வந்ததும் முகத்தைப் பார்ப்பார்.

“என்னவே சகல, யாரு பேர்ல தப்புன்னு சொன்னாவ?”

“சொல்லல.”

“இன்னைக்கும் சொல்லலியா? வாய்தா மேல வாய்தாவால்லா போவுது. கோர்ட்டு தேவலை போலுக்கே.”

பஸ்ஸில் வரும்போது அவரிடம் அந்த முறையைச் சோதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரனோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அதுக்கு முந்தி?” என்றேன்.

“அதுக்கு முந்தி அவன் வாளிய எடுத்து வச்சான்.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி நான் அவன் வாளிய நவுத்துனேன்.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி வீட்டுல எம் பொண்டாட்டி ஏசினா. போதுமா?”

“அதுக்கு முந்தி?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கு முந்தி ஒமக்குச் சகலையா வாய்ச்சேன். எறங்கும்வே, சயான் வந்துட்டு.”

அன்று இரவு அவர் குழாய்ப் பக்கம் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

6

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் செல்லக்கனிக்கு போன் போட்டு, வேறு ஆள் வந்து கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவள் அதை ஜோதியிடம் சொல்ல, ஜோதி எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள். நான் அதை நாற்காலியில் புதைந்தபடி டாக்டரம்மாவிடம் சொன்னேன். “ஏதாவது ஒண்ணு சொல்லிருங்க மேடம். தப்பு எம்மேலன்னாலும் பரவாயில்ல. ஒத்துக்கிடுதேன்.”

“ஒத்துண்டு, அப்புறம்?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“சரி. மாட்டுங்கா ஹோட்டல். துண்டை வீசின வாரம், அங்க என்ன மாறித்து?”

“ஒண்ணும் மாறல. பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தேன். கல்லாவுல உக்காரச் சொன்னாவ.”

“செம்பூர் வாட்ச்மேன்?”

“சூப்பர்வைசர் ஆக்குனாவ.”

“புனே?”

“குடோன் பொறுப்பு குடுத்தாவ.”

சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. உலகத்தில் மனிதர்கள் போலீசுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறார்கள், கடனுக்குப் பயந்து ஓடுகிறார்கள், இன்னொருத்தன் பெண்டாட்டியால் ஓடுகிறார்கள். நான் பதவி உயர்வுக்குப் பயந்து ஓடியிருக்கிறேன். திட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. உயர்வு கிடைத்ததும் திட்டு வாங்குகிற மாதிரி நானே ஏதாவது செய்திருப்பேன். துண்டை வீச ஒரு காரணம் வேண்டுமல்லவா?

டாக்டரம்மா அவசரப்படவில்லை. “பழைய இடத்துல இல்லாதது, புது இடத்துல என்ன இருந்தது?”

“நாற்காலி.”

“அப்புறம்?”

“ஃபேன்.”

“அப்புறம்?”

கீழே குடையும் சத்தம் நின்றிருந்தது.

“பேனா” என்றேன்.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். நான் டப்பாவிலிருந்து அந்த மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்தேன். இந்த முறை வேர்வை இல்லை.

ஊரில் நான்தான் வாசிக்கிறவன். குவாரிக்குப் போவதற்கு முன் டீக்கடையில் நின்று தினத்தாளைச் சத்தமாக வாசிப்பேன். தலை நரைத்தவர்கள் எல்லாம் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். ராணுவத்தில் இருக்கிற பிள்ளை எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்பு படித்தவனாக ரயில் ஏறினேன். தாதரில் இறங்கும்போது எழுத்தறியாதவனாக இறங்கினேன். பலகையெல்லாம் மராத்தி, இந்தி, இங்கிலீஷ். எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் ஏபிசிடியோடு நின்றிருந்தது. பேச்சு சீக்கிரம் பிடிபட்டது. தெருவில் இந்தியை என்னைவிட வேகமாகப் பேசுகிறவன் குறைவு. எழுத்து மட்டும் பிடிபடவில்லை. வயதாக ஆக, யாரிடமும் கேட்க முடியாமல் போனது. இத்தனை காலம் பம்பாயில் இருக்கிறவனுக்கு ஒரு பில் எழுத வராதா என்று கேட்டுவிடுவார்களே. அப்படிக் கேட்கக்கூடியவன் வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவேன்.

“மேடம், அந்தக் கண்ணாடி...” என்று இழுத்தேன்.

“உங்களுக்குக் கண்ணாடியே கிடையாது. வெளியில உக்காந்து தமிழ்ப் பேப்பர் படிச்சிண்டிருப்பேளே. பார்த்திருக்கேன்.”

“முதல் நாளே தெரியுமா?”

“தெரியும். ஆனா கண்ணாடி ஒரு சாக்குன்னு மட்டும்தான் தெரியும். மத்ததெல்லாம் நீங்கதான் சொல்லணும்.”

மடியில் இருந்த தமிழ்ப் பேப்பரை அவர் பக்கம் தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று தெரியாது. ஏதாவது ஒன்றுக்காவது அவரை மாட்டிவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். “இந்தத் தலைப்பு என்னன்னு வாசிங்க பாப்போம்.”

“அய்யோ, எனக்குத் தமிழ் படிக்க வராதே. பேசத்தான் தெரியும்” என்றார். “என்ன போட்டிருக்கு? சொல்லுங்கோ.”

எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்று சொல்கிற மாதிரி சொன்னார். முகம் மாறவில்லை. குரல் இறங்கவில்லை. கண்ணாடியைத் தேடவில்லை. படிக்க வராது என்பதை இப்படியும் சொல்லலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தக்காளி விலை ஏறிவிட்டது என்று தலைப்பை வாசித்துச் சொன்னேன். “அடடா” என்றார்.

7

செம்பூரிலிருந்து நேரே விக்ரோலிக்குப் போனேன். சகலை வழியெல்லாம் குடைந்தார். “தீர்ப்பு வந்துட்டு” என்று மட்டும் சொன்னேன். யார் மேல் என்று கேட்டதற்கு, பேனா மேல் என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நிஜமாகவே மண்டையில் ஏதோ கோளாறு என்று ஊருக்குச் சொன்னது அவர்தான் என்று எனக்குச் சந்தேகம்.

செல்லக்கனி தரையில் உட்கார்ந்து அக்கா பேத்தியின் பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, எனக்கு இந்த ஊர் எழுத்து எதுவும் தெரியாது, அதனால்தான் ஓடினேன், சூரத்தில் மில்லே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பெரிய இடி விழும் என்று காத்திருந்தேன்.

“தெரியும்” என்றாள் ஊசியை நிறுத்தாமல்.

“என்ன தெரியும்?”

“நாசிக்ல இருக்கைலயே தெரியும். நம்பரு வரைக்கும் மராத்தியில கரண்டு பில்லு வந்தா தூரமா வச்சுப் பாப்பிய. கிட்ட வச்சுப் பாப்பிய. ‘கள்ளப்பய, ஜாஸ்தி போட்டுருக்கான்’னு சொல்லுவிய. பில்லு தலைகீழா இருக்கும்.”

உள்ளே அடுப்படியில் அவள் அக்கா சிரிப்பது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலம் நான் கட்டிக் காத்த ரகசியம், இரண்டு பெண்களுக்கு நகைச்சுவையாக இருந்திருக்கிறது.

“தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா அன்னைக்கே மூட்டையக் கட்டியிருப்பிய.”

 கட்டியிருப்பேன்தான்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நான் முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்துல மராத்தி படிச்சவ. பேனா வேலைய நான் பாத்துக்கிடுவேன். ஒங்கள நான் பேனா புடிக்கவா கூப்பிட்டேன்? நாலு பேர்ட்ட பேசத்தான கூப்பிட்டேன். அது ஒங்களுக்கு நல்லா வரும். ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“நான் தெனமும் வந்து வேல பாத்துட்டு சாயங்காலம் இங்கன வந்துருவேன். ஒங்க கூட வீட்டுக்கு வர மாட்டேன். மறுபடியும் சூரத்துன்னு ஒரு சத்தம் கேட்டா பட்டறையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். நீங்க நிக்கியளான்னு நான் பாக்கணும்.”

டாக்டரம்மா தராத தீர்ப்பை அவள் தந்தாள். அதிலும் நிபந்தனை ஜாமீன்.

8

தீபாவளிக்கு முன் பட்டறை திறந்தோம். இரண்டு மிஷின், ஒரு மேசை. செல்லக்கனி காலையில் விக்ரோலியிலிருந்து வருவாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் சயான் ஸ்டேஷனுக்கு நடந்து போவாள். நான் ஆர்டருக்கு அலைந்தேன். நான் பேசினால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பை வாங்கினார்கள். பில் எழுத வேண்டும் என்றால், “எழுத்து வேலை என் வீட்டுக்காரி” என்று சொல்லிப் பழகினேன். அதுவும் பாதி பொய்தான். படிக்க வராது என்று இன்னும் வெளி ஆள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜோதி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். “பப்பா, செட்டில் ஹோ கயா க்யா?” என்று, ஒருவழியாக ஊன்றிவிட்டாயா என்கிற மாதிரி கிண்டல் செய்தாள். அவளிடமும் நான் முழுக்கச் சொல்லவில்லை. அவள் தமிழ் எழுத்து தெரியாமல் வளர்ந்தவள். நான் மற்ற எழுத்து தெரியாமல் வளர்ந்தவன். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக்கொள்ள முடியாத இரண்டு பேர், குரல் செய்தியில் காலம் தள்ளுகிறோம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரு மராத்தித் தாள். செல்லக்கனி மிஷினில் தலையைக் குனிந்து ஒரு பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் அவளைப் பார்க்கவே இல்லை. அறையில் ஆண் பிள்ளை நின்றால் தாளை அவனிடம்தான் நீட்டுவார்கள்.

“யே பட் லோ, ஔர் சஹி கரோ” என்றார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று.

கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்ற வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்தது. அதற்குப் பின்னாலேயே, இன்னொன்றும் வந்தது: இந்த ஆள் எவ்வளவு திமிராக நீட்டுகிறான், இவனை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே போய்விடலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. கால் ஏற்கெனவே திரும்பிவிட்டது. இதைத்தான் டாக்டரம்மா வாரக்கணக்கில் பின்னால் போய்ப் போய்த் தேடினார். துண்டை வீசுவதற்கு முந்தின நொடி. இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. கேவலமாக இருந்தது.  வயிற்றில் என்னவோ செய்தது, பசி இல்லை.

“பட்னா நஹி ஆதா, சாப்” என்றேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று. நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டேன்.

மிஷின் சத்தம் நின்றது.

அந்த ஆள் ஆச்சரியப்படவில்லை. இரக்கப்படவும் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே தாளைத் தன் பக்கம் திருப்பி, மராத்தியில் கடகடவென்று வாசித்தார். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று சுவரில் மாட்ட வேண்டுமாம். வாசலை அடைத்துச் சரக்கு வைக்கக் கூடாதாம். அவ்வளவுதான். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவர் அடுத்த பட்டறைக்குப் போனார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மிஷின் மறுபடி ஓடியது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் செல்லக்கனி மிஷினுக்கு உறை போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலில் நின்று செருப்பைப் போட்டாள். பிறகு சயான் பக்கம் போகாமல், எங்கள் வீட்டுச் சந்துப் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கு மெகா பிளாக்காம். ட்ரெயின் இல்லையாம்” என்றாள் முன்னால் நடந்தபடி. “அதான் வாரேன். வேற ஒண்ணும் நெனச்சிராதிய.”

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மெகா பிளாக் என்பது தண்டவாளம் பழுது பார்க்க ரயிலை நிறுத்துவது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் செய்வார்கள். அது பம்பாயில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

“ஆமா, நானும் கேள்விப்பட்டேன்” என்றேன்.